ஓவர்கிளாக் நிற்கவில்லையா? வோல்டேஜை ஏற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நீங்களே பாகம் பாகமாகத் தேடி வாங்கிப் பூட்டிய கணினி. பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட (இதுதான் ஓவர்கிளாக்), வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை 47-லிருந்து 50-க்கு ஏற்றினீர்கள், விண்டோஸ் திறந்தது, சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்கள், அதுவும் முடிந்தது. சரி, ஓவர்கிளாக் நின்றுவிட்டது, அதாவது நிலையாக ஓடுகிறது என்று நினைத்தால், மறுநாள் கேமுக்கு நடுவில் திரை அப்படியே உறைந்து நிற்கிறது, ஸ்பீக்கரில் ஒரே சத்தம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, ரீசெட் பட்டனைத் தவிர வேறு வழியில்லை. இந்த இடத்தில் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் செய்வது, வோல்டேஜை இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. மறுபடி விழுந்தால், அதாவது கிராஷ் ஆனால், இன்னும் கொஞ்சம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தடுமாறுவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது ப்ராசஸர் கோராகவே (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி) இல்லாமல் இருக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கணினி ஒன்று இப்படித்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்தது. 1.25 வோல்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறை விழும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டு வாரத்தில் 1.36 வரை போய்விட்டேன். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியது, ஃபேன் சத்தம் அறையை நிறைத்தது, விழுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை அணைத்துவிட்டு டெஸ்டைப் போட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய 1.25 வோல்டிலும் ஓடியது. அந்த ப்ராசஸர் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் அதைப் போட்டுச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

தொடங்குவதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள், அந்த டிஸ்க்கைக் கழற்றியும் வையுங்கள். நிலையில்லாத கணினி கேமை மட்டும் கெடுப்பதில்லை, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையும் சத்தமில்லாமல் கெடுக்கும், அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ‘எப்போதாவதுதானே விழுகிறது’ என்று விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை.

இப்போது பயாஸில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும், கணினியிலேயே குறித்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், விழப்போவது அந்தக் கணினிதான். அப்புறம் பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் சிமாஸை எப்படி அழிப்பது என்று மதர்போர்டு கையேட்டில் பார்த்து வையுங்கள். சில போர்டுகளில் பின்பக்கம் பட்டன் இருக்கும், இல்லையென்றால் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி தொட வேண்டும், அதுவும் வேண்டாமென்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட வேண்டும். திரை வராமல் போகும் நாளில் இதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஓவர்கிளாக் இல்லாமல் நிற்கிறதா?

பயாஸில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்எம்பி, ஏஎம்டியில் அதே வேலையைச் செய்யும் எக்ஸ்போ எதுவும் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்துங்கள், ப்ராசஸரை முழுமூச்சாக வேலைவாங்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டும் ஓட்டுங்கள். இங்கேயே விழுந்தால் பிரச்சினை ஓவர்கிளாக்கில் இல்லை. ரேம், பவர் சப்ளை, கூலர் சரியாக உட்காராதது, டிரைவர், பழைய பயாஸ் என்று வேறு எங்கோ இருக்கிறது.

‘ஒன்றுமே மாற்றாத ப்ராசஸர் எப்படி விழும்’ என்று நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் அதுதான் நடந்தது. ப்ராசஸரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் நாளடைவில் பாதிப்பு ஏற்படுகிறது என்று இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட் வழியாகப் புதிய மைக்ரோகோடை (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டுப்பாட்டு நிரல்) வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பல கேம்களில் வீடியோ மெமரி போதவில்லை என்று வந்த பிழைச்செய்திக்குப் பின்னால் இருந்தது கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, இந்த ப்ராசஸர்தான். உங்களிடம் இருப்பது அந்தத் தலைமுறை என்றால் ஓவர்கிளாக்கைத் தொடுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே பாதிப்படைந்த சிப்பை அந்த அப்டேட் சரிசெய்யாது, அதை உத்தரவாதத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரேமைத் தனியே பிரியுங்கள்

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ஓவர்கிளாக்தான், பெட்டியில் அந்த வேகம் அச்சடிக்கப்பட்டிருக்கிறதே என்று அதைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுகிறோம். அந்த ரேம் குச்சி அந்த வேகத்தில் ஓடும் என்றுதான் ரேம் தயாரித்தவர் சொல்கிறார், உங்கள் ப்ராசஸருக்குள் இருந்து ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் அதைத் தாங்கும் என்று சொல்லவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு டிடிஆர்5-5200, நான்கு குச்சி போட்டால் 3600. நாம் 6000 வாங்கிப் பூட்டுகிறோம். பெரும்பாலும் ஓடும், ஓடாவிட்டால் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. நான்கு குச்சி போட்டவர்கள் முதலில் இரண்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். இரண்டே குச்சி என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அநேகமாக எல்லா மதர்போர்டுகளிலும் அதுதான் சரியான இடம்.

இப்போது பிரித்துப் பார்ப்போம். ரேம் டீஃபால்ட் வேகத்தில் இருக்கட்டும், ப்ராசஸர் ஓவர்கிளாக்கை மட்டும் போட்டு ஒரு இரவு டெஸ்ட் ஓட்டுங்கள். அடுத்த நாள் தலைகீழாக, ப்ராசஸர் டீஃபால்ட்டில், ரேம் எக்ஸ்எம்பியில். எது விழுகிறதோ அதன் பின்னால் போனால் போதும். இரண்டும் தனித்தனியே நின்று, சேர்த்துப் போட்டால் மட்டும் விழுகிறதென்றால், கன்ட்ரோலர் விளிம்பில் இருக்கிறது அல்லது வெப்பம் கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ரேமை ஒரு படி குறைத்துப் பாருங்கள். 6000-க்குப் பதில் 5600 என்பது அன்றாடப் பயன்பாட்டில் கண்ணுக்கே தெரியாது.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் திறக்காமலே நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்பது இங்கே செல்லாது. அதில் தேறினாலும் முழு நிம்மதி வேண்டாம், அது ப்ராசஸரைப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. அப்புறம் விண்டோஸுக்குள் பிரைம்95-இன் லார்ஜ் எஃப்எஃப்டி, ஒய்-கிரஞ்சர் போன்ற ஸ்ட்ரெஸ் டெஸ்டுகளையும் ஓட்டிப் பாருங்கள். ரைசன் 7000-இல் எக்ஸ்போவைப் போடும்போது எஸ்ஓசி வோல்டேஜும் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) கூடவே ஏறும். 2023-இல் சில எக்ஸ்3டி ப்ராசஸர்கள் எரிந்துபோன பிறகு அது 1.3 வோல்டைத் தாண்டாதபடி பயாஸ் அப்டேட் வந்தது, பழைய பயாஸ் வைத்திருப்பவர்கள் மறக்காமல் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, டிடிஆர்5 வேகத்தை மாற்றிய பிறகு முதல்முறை திரை வரச் சில நிமிடம் ஆகலாம். மெமரி டிரெயினிங், அதாவது புது வேகத்துக்கு ரேமைப் பழக்கும் வேலை, நடக்கிறது, செத்துவிட்டது என்று பவரை அணைத்துவிடாதீர்கள்.

எப்படி விழுகிறது என்று கவனியுங்கள்

‘கிராஷ் ஆகிறது’ என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, திரையில் என்ன வந்தது என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள்.

நீலத் திரை வந்தால் அதிலிருக்கும் பெயரைப் படமெடுங்கள். கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்று வந்தால், ஒரு கோர் பதில் சொல்லாமல் தொங்கிவிட்டது, ஓவர்கிளாக் செய்த கணினியில் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் குறைவு என்று பொருள். டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர் என்று வந்தால் ப்ராசஸர் தானே தன் பிழையைக் கண்டு சொல்கிறது, கோரோ கேஷோ (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன வேக மெமரி) மெமரி கன்ட்ரோலரோ எதுவாகவும் இருக்கலாம். மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட், ஐஆர்கியூஎல் என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் மாறி மாறி வந்தால் என் சந்தேகம் முதலில் ரேம் பக்கம்தான் போகும். இவை எதுவும் தீர்ப்பு இல்லை, எந்தப் பக்கம் முதலில் தேடலாம் என்பதற்கான அடையாளம் மட்டுமே.

அடுத்து விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரைத் தேடுங்கள். எண் 19 என்றால் பிழை வந்தது, ப்ராசஸரே திருத்திக்கொண்டது. கணினி விழவில்லை என்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் விழப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது. எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. அதைத் திறந்தால் உள்ளே ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும், 8 கோர் ரைசனில் சாதாரணமாக அதை இரண்டால் வகுத்தால் எந்தக் கோர் என்று தெரிந்துவிடும். 10, 11 என்று வந்தால் 5-ஆம் எண் கோர், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதே பதிவில் கேஷ் ஹைரார்க்கி எரர் என்றிருந்தால் கோர் பக்கமும், பஸ் இன்டர்கனெக்ட் எரர் என்றிருந்தால் எஃப்கிளாக் (ப்ராசஸருக்குள் பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம்), மெமரி பக்கமும் முதலில் பாருங்கள்.

கர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டு உடனே புது பவர் சப்ளை வாங்கப் போகிறவர்கள் பலர். அந்தப் பதிவுக்கு ஒரே பொருள்தான், விண்டோஸ் முறையாக மூடப்படாமல் கணினி நின்றது. நீங்கள் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதே பதிவுதான் வரும்.

வெப்பம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து வைத்து, முழு லோடில் உச்ச வெப்பம் என்ன என்று பாருங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களை ஓட்டாதீர்கள், ஒன்றையொன்று குழப்பும். இன்டெலின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 7000-இல் பெரும்பாலானவற்றுக்கு 95, ரைசன் 5000-இல் பலவற்றுக்கு 90. எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது த்ராட்டிலிங், நிலையின்மை வேறு. ஆனால் சூடு ஏற ஏற அதே வேகத்துக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், அதனால் 70 டிகிரியில் நின்ற செட்டிங் 90-இல் விழும். பத்து விநாடிக்குள் வெப்பம் உச்சிக்கு ஏறுகிறதென்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிய கூலர்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் ஓட்டும் முறை

மாற்றம் ஒன்று, டெஸ்ட் ஒன்று, நோட்டில் ஒரு வரி. இந்த ஒழுங்கை மட்டும் விடாதீர்கள். வோல்டேஜ், ரேம், கேஷ் வேகம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நின்றாலும் ஏன் நின்றது என்று தெரியாது.

முதலில் சினிபெஞ்ச் பத்து நிமிடம். இதிலேயே விழுந்தால் செட்டிங் ரொம்ப தூரத்தில் இருக்கிறது, நேரத்தை வீணாக்காமல் மல்டிப்ளையரை ஒன்று இறக்குங்கள். தேறினால் ஓசிசிடி அரை மணி நேரம், அப்புறம் பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம். பிரைம்95 ஓடும்போது ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், எல்லாம் வரிசையாக ‘பாஸ்டு’ என்று எழுதிக்கொண்டே போகும். பதினோராவது நிமிடத்தில் ஐந்தாவது ஜன்னல் மட்டும் ரவுண்டிங் 0.5, 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியைப் போட்டு, ஹார்ட்வேர் ஃபெய்லியர் என்று சொல்லி நின்றுவிடும், மற்றவை ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். கணினி விழவில்லை, நீலத் திரையும் இல்லை. ஆனால் அந்தக் கோர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது, இதுவும் தோல்விதான். எந்த வொர்க்கர் நின்றது என்று எழுதி வையுங்கள், மூன்று முறை ஓட்டி மூன்று முறையும் அதே வொர்க்கர் நின்றால் உங்கள் சிப்பின் பலவீனமான கோர் எது என்று தெரிந்துவிட்டது.

ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு ஓட்டினால் பிரைம்95 எந்தக் கேமையும்விட மிக அதிகமாகச் சூடாக்கும். நீங்கள் வீடியோ ரெண்டரிங் போல கனமான வேலை செய்பவர் இல்லை என்றால் ஏவிஎக்ஸை அணைத்துவிட்டு ஓட்டுவது தப்பில்லை, பல இன்டெல் போர்டுகளில் ஏவிஎக்ஸ் வேலை வரும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கும் ஆஃப்செட்டும் இருக்கிறது.

இப்போது வோல்டேஜ்

ரேம் இல்லை, வெப்பம் இல்லை, கோர்தான் என்று உறுதியான பிறகுதான் இந்தப் பகுதி. ஏற்றுவதற்கு முன், லோடில் உண்மையில் எவ்வளவு வோல்டேஜ் போகிறது என்று பாருங்கள். பயாஸில் 1.300 என்று போட்டிருப்பீர்கள், சும்மா இருக்கும்போது அப்படியே காட்டும், டெஸ்டைத் தொடங்கியதும் 1.23-க்கு இறங்கியிருக்கும். லோடு ஏறும்போது வோல்டேஜ் இப்படி இறங்குவதற்கு விட்ரூப் என்று பெயர், அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதை எவ்வளவு ஈடுகட்டுவது என்பதைத்தான் லோட்லைன் கேலிபிரேஷன், சுருக்கமாக எல்எல்சி, முடிவு செய்கிறது.

நடுத்தர எல்எல்சி போதும். உச்சத்தில் வைத்தால் இறக்கம் இருக்காது, ஆனால் லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் போட்டதற்கு மேலே துள்ளும், அதை எச்டபிள்யூஇன்ஃபோவால் பிடிக்க முடியாது. எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், சில போர்டுகளில் எண் ஏற ஏற ஈடுகட்டல் கூடும், சிலவற்றில் 1 என்பதுதான் உச்சம். பயாஸில் பக்கத்திலேயே ஒரு சின்ன வரைபடம் இருக்கும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் 0.01 வோல்டாக ஏற்றுங்கள். ஐந்து முறை ஏற்றியும், அதாவது 0.05 கூட்டியும் நிற்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு 100 மெகாஹெர்ட்ஸைக் குறையுங்கள். கணக்கைப் பாருங்கள்: ப்ராசஸர் இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் ஏறுகிறது. 5.0-லிருந்து 5.1 கிகாஹெர்ட்ஸுக்குப் போக 1.25-லிருந்து 1.35 வோல்ட் தேவைப்பட்டால், 2 சதவீத வேகத்துக்காகக் கிட்டத்தட்ட 19 சதவீத மின்திறனைக் கூடுதலாகக் கொட்டுகிறீர்கள், அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரே பெட்டி, ஒரே மாடல் எண் என்றாலும் ஒரு சிப் போல இன்னொரு சிப் இருக்காது. வேறொருவர் 5.2 ஓட்டுகிறார் என்பதற்காக உங்களுடையதும் ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டெஸ்டில் நிற்கிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது

ரைசன் வைத்திருப்பவர்களை அதிகம் படுத்துவது இதுதான். இரவெல்லாம் பிரைம்95 ஓடித் தேறிய கணினி, காலையில் பிரவுசரைத் திறந்து செய்தி படிக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். பெரும்பாலும் காரணம் கர்வ் ஆப்டிமைசர், அதாவது ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் குறைக்க ரைசனில் இருக்கும் அமைப்பு. எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டிருப்பீர்கள். எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது வேகம் குறைவாக இருக்கும், அதனால் பிரச்சினை தெரியாது. ஒரே ஒரு கோர் மட்டும் லேசான வேலைக்காக உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் அந்தக் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது.

இதற்கு எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டும் டெஸ்ட் உதவாது. ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். எந்தக் கோர் விழுகிறதோ அதற்கு மட்டும் மைனஸ் 30-ஐ 25 ஆக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள், தேவைப்பட்டால் 20. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும், ஏனென்றால் அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓட ஒழுங்குபடுத்தப்பட்டவை, மேலும் குறைக்க அங்கே இடமில்லை. பொறுமை வேண்டும், 8 கோருக்கு இரண்டு மூன்று இரவுகள் ஆகும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் ரைசனில் உண்டு. கணினி விழாது, திரையில் வேகமும் சரியாகக் காட்டும், ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் முன்பைவிடக் குறையும். எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள், முழு லோடில் அந்த எண் திரையில் காட்டப்படும் வழக்கமான வேகத்தைவிட நன்றாகக் கீழே இருந்தால் வோல்டேஜ் போதாமல் ப்ராசஸர் கிளாக்கை நீட்டுகிறது, அதாவது உண்மையில் மெதுவாக ஓடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மதிப்பெண்ணையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பவர் சப்ளையும் விஆர்எம்மும்

நீலத் திரை எதுவும் இல்லாமல், கனமான லோடில், ஸ்விட்சைத் தட்டியது போலச் சட்டென்று அணைந்தால் இங்கே பாருங்கள். ப்ராசஸருக்குப் போகும் 8 பின் கேபிள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். 12 வோல்ட் லைன் லோடில் 11.4-க்குக் கீழே போகக் கூடாது, ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். விஆர்எம் (மதர்போர்டில் ப்ராசஸருக்கான வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் பகுதி) வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் அந்தப் போர்டு இந்த ஓவர்கிளாக்குக்கானது இல்லை, அதன்மேல் காற்றுபட ஒரு ஃபேன் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

நின்ற பிறகு

எல்லா டெஸ்டும் தேறி, ஒரு வாரம் வழக்கமான வேலையிலும் விழவில்லை, ஈவென்ட் வியூவரில் 19 என்ற பதிவு ஒன்றுகூட இல்லை என்றால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அதற்குப் பிறகும் 0.01 வோல்ட் கூட்டி வைப்பேன், வெயில் காலத்தில் அறை சூடாகும்போது அது கைகொடுக்கும்.

இத்தனை முறை விழுந்ததில் விண்டோஸ் கோப்புகள் சில கெட்டிருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மின் உரிமையோடு திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்கள், டிஸ்க்கையும் செக்டிஸ்க்கால் சரிபாருங்கள். இதைச் செய்யாமல் விட்டு, கெட்டுப்போன கோப்பு ஒன்றால் வரும் கிராஷை மறுபடி ஓவர்கிளாக் என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள். கடைசியாக, நின்ற செட்டிங்கைப் பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். பயாஸை அடுத்து அப்டேட் செய்யும்போது சேமித்த ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துபோகும், அன்றைக்கு அந்த நோட்டுதான் வேண்டியிருக்கும்.